ஆயிரம் கேட்டவளுக்கு இருநூறு

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் போயிருக்கிறான். ஒன்றுமே தெரியாதவன் நிரலுக்குள் தொடாதே என்று எழுதிவைத்துவிட்டுப் போகமாட்டான் என்று சகாயராணி பதினோரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்க ஆள் இருந்தபோதும் இல்லாதபோதும். இப்போது ஆள் இல்லை. அவளிடம் வேலை பார்க்கும் பொன்வண்ணன் கீழே எண்பது கைக்கருவிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மேலே, கிண்டித் தொழிற்பேட்டையின் இரண்டாம் மாடி அறையில், மேஜைமேல் எண்பத்தோராவது கருவி மல்லாந்து கிடந்தது. பார்க்க ஒரு தடித்த போன் மாதிரி. சோதனைக்காகத் தூக்கத்தைச் சுருக்கியிருந்தாள், பத்து விநாடி தூங்கும். விழிக்கும். சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியைத் தேடிப் பிடித்து இருக்கிறேன் என்று சொல்லும். பக்கத்துத் திரையில் ஓர் எண் கூடும். மறுபடி தூங்கும். ஒரு சுற்றுக்குப் பதினைந்து விநாடி. பதினேழு. பதினெட்டு. இருநூறு தடவை இப்படி எழுந்து காட்டிவிட்டால் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போடலாம், நாலு மணிக்கு வேன் வரும், எண்பதும் ஆஸ்பத்திரிக்குப் போகும், நாளைக் காலை ஆறு மணிக்கு அங்கே நர்ஸுகளின் பாக்கெட்டில் ஏறும். கட்டிலில் கிடக்கிறவர் பொத்தானை அமுக்கினால் நர்ஸின் பாக்கெட்டில் இது அடிக்கும். அதே ஆறு மணிக்குப் பழைய மணியின் ஒயரை அறுத்துவிடுவார்கள். வார்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டுமாம். பத்தொன்பது. இதில் பயப்பட என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. கீழ்த்தளத்துப் பட்டறையில் பிரஸ் மிஷின் இடித்தது, தரை ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது, திரையில் எண் இருபதானது. இடித்ததால்தான் எண் ஏறியதோ என்று ஒரு கிறுக்குத்தனமான நினைப்பு வந்தது. விரட்டினாள்.

டிரைவர் என்றால் இந்தத் தொழிலில் ஒரு தரகன். வைஃபை சிப்புக்குத் தெரிந்த பாஷை வேறு, போனுக்குத் தெரிந்த பாஷை வேறு. நடுவில் நின்று இவன் பேச்சை அவனுக்கும் அவன் பேச்சை இவனுக்கும் கொண்டுபோகிற நிரல். சிப் செய்த கம்பெனியில் யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டருக்காக எழுதினான். அதை மொபைலுக்கு மாற்றித் தருவதாகச் சகாயராணி ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டபோது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. கம்ப்யூட்டர் காலையில் எழுந்தால் சாயந்தரம்தான் படுக்கும். மொபைல் அப்படியா, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை படுக்கும், ஒரு தடவை எழுந்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்கும், மறுபடி படுக்கும், இல்லாவிட்டால் பேட்டரி தாங்காது. அந்த எழுந்திருக்கிற இடம்தான் எமன். சிப்புக்கு மின்சாரம் கொடுத்து எழுப்பி முதல் கேள்வி கேட்கிற இடம். நாலாயிரம் வரியில் அந்தப் பகுதி முப்பது வரிகூட இராது. அதற்குத் தலைமேல் அந்தப் புண்ணியவான் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு போட்டிருந்தான்: இந்தப் பகுதி இப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். கீழே மூன்று எழுத்து, அவன் பெயரின் முதலெழுத்துகளாக இருக்கும். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஏன்டாப்பா இப்படியே இருக்கட்டும்? இருக்காவிட்டால் என்ன ஆகும்? கம்பெனிக்கு ஐந்து கடிதம் போட்டாள். இரண்டுக்குப் பதில் வந்தது, உங்கள் கடிதம் கிடைத்தது என்று. அந்த மூன்றெழுத்துக்காரன் அங்கே இப்போது இல்லை என்று மட்டும் ஒருவழியாகத் தெரிந்தது. எங்கே போனானோ. சம்பளம் கூடுதலாகக் கிடைத்த இடத்துக்குப் போயிருப்பான், பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பான், இங்கே ஒருத்தி அவன் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பது அவனுக்கென்ன தெரியும். காரணம் சொல்லாமல் தொடாதே என்கிறவன் பேச்சை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அப்பாவிடம் கேட்டதில்லை, ரிச்சி தெரு போன் கடையில் முதலாளியிடம் கேட்டதில்லை, கட்டிக்கொண்டவனிடம் கேட்காமல்தான் தனியாக இருக்கிறாள். நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

எண்ணாதே என்று தனக்குத் தானே சொன்னாள். எண்ணிக்கை திரையில் ஓடுகிறது, எண்ணுவதற்கு அது இருக்கிறது, நீ எதற்கு. ஆனாலும் உதடு அசைந்தது. பிளாஸ்கில் டீ இருந்தது, ஊற்றினாள், ஆறிவிட்டது. குடித்தாள். தொண்டையில் இறங்கும்போது பழைய இடத்தில் ஒரு உரசல், மூன்று வருஷமாக இருக்கிற உரசல், டாக்டர் ஒன்றும் இல்லை என்றார், இவளுக்கு இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தபோது தொண்டையில் குழாய் விட்டார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால் குரல் இல்லை. காசிமேட்டில் மீன் ஏலத்தில் பத்துப் பேர் குரலுக்கு மேலே தன் குரலை ஏற்றி வளர்ந்தவள், ரிச்சி தெருவில் வாடிக்கையாளனை மூன்றாவது கடையிலிருந்து கத்தி இழுத்தவள், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. தலைமாட்டில் ஒரு பொத்தான் தொங்கியது. அமுக்கினாள். யாரும் வரவில்லை. அமுக்கினாள். வெளியே தாழ்வாரத்தில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், பத்தடி தூரம்கூட இராது, கட்டைவிரல் வலிக்கிறவரைக்கும் அமுக்கினாள். கடைசியில் பெருக்க வந்த ஆயாம்மா பார்த்துவிட்டு, மணியாம்மா அமுக்குற, அது ஆறு மாசமா அடிக்கலியே என்று சாதாரணமாகச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அந்தக் கதையைச் சொல்லித்தான் இந்த வேலையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியின் பெரிய மேஜையில், கைகளை ஆட்டி, ஆயாம்மா குரலில் பேசிக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். மேட்ரன் ரூபவதி சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அமுக்கிக்கொண்டே கிடந்தபோது வந்த பயத்தை அவள் கதையில் சேர்க்கவில்லை, அது விலை போகாது. நான் இப்படியே போய்விட்டால் காலையில்தான் பார்ப்பார்கள் என்கிற பயம். அதை இன்றுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. எண்பத்திரண்டு. பிரஸ் மிஷின் இடித்தது.

ரூபவதி சிஸ்டர் கேட்டது ஆயிரம். அதை நினைக்கக் கூடாது என்றுதான் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் நினைப்பு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. அந்த அம்மாள் குள்ளமாக, மூக்குக்கண்ணாடியை நூலில் கோத்து மாட்டியிருப்பாள். மெதுவாகப் பேசுவாள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இது எத்தனை தடவை தூங்கி எழும் என்று கேட்டாள். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் என்றாள் ராணி. அப்போ ஆயிரம் தடவை எழுப்பிக் காட்டுங்கள் என்றாள். நியாயமான பேச்சு. கேட்டவுடனே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் தடவைக்கு நாலு மணி நேரம் பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான், மிஷின் பாட்டுக்கு ஓடப்போகிறது, இவள் கையா வலிக்கப்போகிறது. ஆனால் ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் அதைக் குறைக்காமல் விடுகிற பழக்கம் ராணிக்கு இல்லை. அது அவள் ரத்தத்தில் இருந்தது. ஆயிரம் என்றதும் வாய் தானாகத் திறந்து நூறு என்றது. நூறா என்று அந்த அம்மாள் திகைத்தாள். அங்கிருந்து ஆரம்பித்துப் பேசிப் பேசி, சிரிக்கவைத்து, கொஞ்சம் மிரட்டி, நான் போன மாசம் முழுக்க ஓட்டிப் பார்த்த டிரைவர் இது சிஸ்டர், இருநூறு தடவை எழுந்தது இருநூத்தி ஒண்ணாவது தடவை எழாதா என்று கேட்டு, இருநூறில் முடித்தாள். அந்த அம்மாள் சரி மேடம், உங்க பேச்சை நம்பிப் போடுறேன் என்று எழுதிக்கொண்டாள். படியிறங்கும்போது ராணிக்கு ஜெயித்த குஷி. எண்ணூறு குறைத்தாயிற்று. எதற்காக என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. நூற்றுப் பதினாறு.

போன மாசம் முழுக்க ஓட்டிப் பார்த்தது பொய்யில்லை. ஆயிரம் என்ன, மூவாயிரம்கூட ஓட்டினார்கள், ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் அது நேற்றைக்கு முந்தைய டிரைவர். அது ஒரு ஓட்டைவாய். எழுந்தால் எழுந்தேன் என்று எழுதும், தேடினால் தேடுகிறேன் என்று எழுதும், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரி எழுதிவைக்கும். எழுதுகிறவர்கள் எங்கே தவறுகிறது என்று பார்க்கப் போட்டுக்கொள்கிற வரிகள் அவை. மூன்றெழுத்துக்காரன் போட்டதும் இருந்தது, பொன்வண்ணன் போட்டதும் இருந்தது. இத்தனை பேச்சையும் எழுதி எழுதிப் பேட்டரி ஒன்பது மணி நேரத்தில் சாய்ந்தது. ஷிஃப்டோ பன்னிரண்டு. அதனால் நேற்று அவளே உட்கார்ந்து அத்தனை வெட்டிப்பேச்சையும் அழித்தாள். நானூறு வரிக்குமேல் இருக்கும். அவளுக்குப் பிடித்த வேலை அது. ரிச்சி தெருவில் சர்வீசுக்கு வந்த போனைத் திறந்தால் முதலில் துடைப்பாள், தின்னரில் பிரஷ்ஷை நனைத்து, முன்னால் பார்த்தவன் விட்டுப்போன ஈயக்கட்டி, பசை, முடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் பழுதையே பார்ப்பாள். பிறத்தியான் விட்டுப்போன அழுக்கில் கைவைக்க அவளால் ஆகாது. ஒரு ஆட்டோக்காரர் வந்தார் ஒரு தடவை, போன் சத்தம் கம்மியாகக் கேட்கிறது என்று. திறந்தால் உள்ளே பேட்டரிக்குப் பின்னால் ஒரு பஸ் டிக்கெட், நாலாக மடித்து. சனங்கள் போனுக்குள் எதைத்தான் வைப்பதில்லை. எடுத்துக் கீழே போட்டாள். ஸ்பீக்கரை மாற்றினாள், கணீரென்று கேட்டது, கொடுத்தனுப்பினாள். அவர் திரும்பி வந்தார். இந்த ஆட்டோக்காரர் இப்போது எதற்கு வருகிறார். பதினெட்டு வருஷத்துக்கு முந்திய ஆள். போய்யா. நேற்று அழித்தபின் பேட்டரி பதினாலு மணி நேரம் தாங்கும் என்று கணக்கு காட்டியது, பொன்வண்ணன் ராணிக்கா கலக்கிட்டீங்க என்றான், அதை நினை. நூற்று எழுபது. எழுபத்தொன்று. அக்குளில் வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நூற்றுத் தொண்ணூறிலிருந்து அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்து விநாடிக் கறுப்பில் தன் முகம் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே பை, காதோரம் நரை. விளக்கு வந்ததும் முகம் போயிற்று. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. இருநூறு. பச்சை எழுத்தில் இருநூறு. ஒன்றும் விழவில்லை. அவள் பேசி வாங்கிய எண் அப்படியே வந்து கையில் விழுந்தது. தாள் பக்கத்திலேயே இருந்தது, பேனாவும் இருந்தது, நிறுத்துகிற பொத்தானுக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் தூரம்தான். மணி மூன்றடிக்க ஐந்து நிமிஷம். நிறுத்து, கையெழுத்துப் போடு, கீழே போய் பொன்வண்ணனுக்கு ஒரு டீ சொல்லு. விரல் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இருநூறு தடவை எழுந்தது இருநூத்தி ஒண்ணாவது தடவை எழாதா. அவள் சொன்ன பேச்சுதான். அது அழகான பேச்சு, எதிராளி வாயை அடைக்கிற பேச்சு, அவளைத் தவிர வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் அதை அந்த இடத்திலேயே கிழித்திருப்பாள். இருநூற்று ஒன்று. எழுந்தது. பார்த்தாயா என்று யாரிடமோ சொன்னாள். இருநூற்றுப் பத்து. இன்னும் கொஞ்சம். இருநூற்று முப்பது. அந்த அம்மாள் சிரிக்காமல் பார்த்த பார்வை இருக்கிறதே, மூக்குக்கண்ணாடிக்கு மேலே, கதையில் விட்டுப்போனது அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது போல. சரி, இருநூற்றைம்பது பார்த்துவிட்டு நிறுத்தலாம். தன்னிடமே பேரம் பேசுகிறாள். இருநூற்றைம்பது வந்தது. முந்நூறு. முந்நூறு பார்த்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இருநூற்று அறுபத்தாறு. அறுபத்தேழு. கறுப்பு. விளக்கு வந்தது. இருநூற்று அறுபத்தெட்டு என்று ஏறவில்லை.

அவள் காத்திருந்தாள். கருவி விழித்துத்தான் இருந்தது, திரை பளிச்சென்று இருந்தது, மணி காட்டியது, பேட்டரி காட்டியது, மேல்மூலையில் வைஃபை அடையாளம்கூட நல்லபிள்ளையாக நின்றது. கேள்வி கேட்டால் மட்டும் பதில் இல்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சிப் செத்துக் கிடந்தது. அணைத்துப் போட்டால்தான் இனி எழும், ஆனால் அணைத்துப் போட வேண்டும் என்று யாருக்குத் தெரியப்போகிறது, பாக்கெட்டில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தாலும் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது. அரை நிமிஷத்துக்கு ஒன்றென்றால் இருநூற்று அறுபத்தெட்டு தடவைக்கு இரண்டேகால் மணி நேரம். காலை ஆறு மணிக்குப் பாக்கெட்டில் போட்டால் எட்டேகால். ஒன்று எட்டு மணிக்கு, ஒன்று பத்துக்கு, சாப்பாட்டு நேரத்துக்குள் வார்டு வார்டாக எண்பதும் ஊமையாகியிருக்கும், கட்டிலில் கிடக்கிறவர்கள் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள், தாழ்வாரத்தில் யாராவது சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பாவி, என்றாள் மூன்றெழுத்துக்காரனை. உன்னால்தான். நேற்று அழித்ததையெல்லாம் திரையில் திரும்ப வரவழைத்தாள், அழித்த வரிகள் சிவப்பில் வரிசையாக வந்தன, கீழே கீழே தள்ளினாள், எழுப்புகிற பகுதிக்கு வந்தாள். மாற்ற வேண்டாம் என்ற குறிப்புக்குக் கீழே, மின்சாரம் கொடுக்கிற வரிக்கும் முதல் கேள்விக்கும் நடுவில், ஒரே ஒரு சிவப்பு வரி. எழுப்பியாச்சு என்று எழுதிவைக்கிற வரி. எதற்கும் உதவாத வரி. நேற்று அதை அழித்தபோது உதட்டைச் சுழித்தது நினைவு வந்தது. அப்போது ஆட்டோக்காரர் மறுபடி வந்தார், இந்தத் தடவை அவள் விரட்டவில்லை. மூன்றாவது முறையாக வந்து நின்றார் அவர், போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது என்று, இவள் முகத்தில் போனை எறிவது மாதிரி கத்திவிட்டு இதற்குமேல் கத்தத் தெம்பில்லாமல், உள்ளே ஒரு டிக்கெட் வச்சிருந்தேனேம்மா, அதை என்னா பண்ணே என்று கேட்டார். பேட்டரி ஆடாமல் இருக்க அதுதான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த வரியும் அப்படித்தான். இதை எழுதி முடிக்கிற நேரம், ஒரு விநாடியை ஆயிரமாக வெட்டினால் அதில் நாலைந்து துண்டு, அந்த நேரம்தான் சிப் கண்ணைக் கசக்கி உட்கார்வதற்குக் கிடைத்துக்கொண்டிருந்த நேரம். அது இல்லாமல் அநேகத் தடவை எழுந்துவிடும், ஏதோ ஒரு தடவை எழாது. அவள் அதைக் குப்பையென்று கூட்டித் தள்ளிவிட்டாள். தொடாதே என்று எழுதியிருந்த இடத்தில் கைவைத்து.

அந்த வரியைத் திரும்ப வைத்துவிடலாம். எண்பதிலும் மறுபடி ஏற்ற வேண்டும். வைத்தால் போதுமா? இந்த ஒரு வரி நேரம் போதும் என்று யார் சொன்னது, குளிர்ந்த அறையில் போதும், வெயில் நாளில்? வரியை எடுத்துவிட்டுக் காத்திரு என்று நேராகவே எழுதலாம், எவ்வளவு நேரம் காத்திருக்க? நாலா, நாற்பதா, நானூறா? கூட்டிப் போட்டால் பேட்டரி போகும், குறைத்துப் போட்டால் ஆள் போகும். சிப்பைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரிந்திருக்கும். இல்லை, அவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. அவனும் ஒரு அறையில் இப்படி உட்கார்ந்திருப்பான். வரி இருந்தால் எழுகிறது, எடுத்தால் விழுகிறது, ஏன் என்று தெரியவில்லை, மேலே இருப்பவன் நாளைக்கு வேண்டும் என்கிறான். வெட்கப்பட்டுக்கொண்டு தொடாதே என்று மட்டும் எழுதி மூன்றெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பான். நீச்சல் வகுப்பும் காபியும் அவள் கற்பனையில் கொடுத்தது. தனக்குத் தெரியவில்லை என்று எழுத ஒருத்தனுக்கு எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டம் அவள் இப்போது போனைக் கையில் எடுப்பதற்கு இருந்தது. மணி மூன்றரை. எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்," என்றாள் ரூபவதி சிஸ்டர். பின்னால் டிராலி உருளும் சத்தம்.

"சிஸ்டர், நாளைக்கு அந்தப் பழைய மணி ஒயரை அறுக்காதீங்க. இது இன்னும் சரியாவல."

"இருநூறு தாண்டலையா?"

"தாண்டிச்சு. அதுக்கு மேலயும் ஓட உட்டேன். எரநூத்தி அறுபத்தெட்டுல படுத்துகிச்சு."

"இருநூறு போதும்னு நீங்கதானே பேசினீங்க."

"நாந்தான் பேசுனேன். பேசியிருக்கக் கூடாது. நீங்க கேட்டதுதான் சரி சிஸ்டர்." போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு, "எனக்கு அன்னிக்கு ரொம்ப பயமா இருந்துச்சு," என்றாள், "அந்த பொத்தானை அமுக்கிக்கினே கெடந்தப்போ."

"தெரியும்மா," என்றாள் அந்த அம்மாள். பிறகு, பெயிண்ட் அடிக்க வருகிறவர்களுக்கு நாளை வரவேண்டாம் என்று சொல்லி ஆள் அனுப்புவதாகவும், நிர்வாகத்தில் கேட்டால் தானே வேண்டாம் என்றதாகச் சொல்லிக்கொள்வதாகவும், ஆனால் அடுத்த தடவை ஆயிரத்து ஐந்நூறு தடவை ஓட்டி அந்தத் தாளோடு வரவேண்டும் என்றும் சொன்னாள். ராணி வாயைத் திறந்தாள். மூடினாள். ஆயிரத்து ஐந்நூறு, சரி, என்றாள்.

வேனைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கீழே பொன்வண்ணனுக்குக் குரல் கொடுத்தாள், அவன் என்னக்கா என்னக்கா என்று கேட்டுக்கொண்டே படியேறும் சத்தம் கேட்டது. அவன் வருவதற்குள் திரையில் ஒரு புதுத் தாளைத் திறந்தாள். கம்பெனிக்கு இல்லை. உலகத்தில் டிரைவர் எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்கிற பொது மின்னஞ்சல் பட்டியல் ஒன்று இருக்கிறது, அங்கே போட்டால் யார் கண்ணிலும் படும். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முதலில் சிப்பின் எண்ணையும் அந்த மூன்றெழுத்தையும் போட்டு, மரியாதை எதுவும் வைக்காமல் ஆரம்பித்தாள். உன் வரியை நான் அழித்தேன். தொடாதே என்றிருந்தது, தொட்டேன், அது என் தப்பு, அதனால் இன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரியிடம் பழைய மணியை அறுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. ஏன் தொடக்கூடாது என்று நீ எழுதவில்லை, அது உன் தப்பு. உனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல். தெரியாமல்தான் போட்டாய் என்றால் தெரியாது என்று சொல், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், நான் உட்கார்ந்து அளக்கிறேன், உன்கூடச் சேர்ந்து அளக்கிறேன். ஆனால் இன்னொருத்தி இந்தப் பகுதியைத் திறப்பதற்குள் நீ எங்கே இருந்தாலும் வந்து அந்தக் குறிப்புக்குக் கீழே காரணத்தை எழுது. இதில் குறைக்க ஒன்றும் இல்லை. வந்து எழுது.